ரசம் சாப்பிட்ட பாய்

அறந்தாங்கியில் நத்தர்ஷாவை இரண்டு காரணங்களுக்காக எல்லோருக்கும் தெரியும். ஒன்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் வைத்திருக்கும் ஏ.சி., ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. தம்மாமில் பத்தொன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த கை அது. இன்னொன்று, யார் என்ன தப்பாகச் செய்தாலும் அதைத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் படியிறங்குவதற்குள் அதில் இரண்டு எழுத்துப்பிழையாவது கண்டுபிடித்துவிடுவார். தன்னுடைய நிக்காஹ் அன்றைக்கே, கையெழுத்துப் போடுகிற நேரத்தில், பதிவேட்டில் தன் அத்தாவின், அதாவது தகப்பனாரின், பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, சபை முழுக்கக் காத்திருக்க, நடத்திவைக்க வந்த ஆலிம்சாவைத் திருத்தி எழுத வைத்தவர். அன்றைக்குப் பெண்ணாக உள்ளே உட்கார்ந்திருந்த பல்கீஸ், மாப்பிள்ளை பின்வாங்கிவிட்டார் என்றே நினைத்துவிட்டாளாம். முப்பத்திரண்டு வருஷமாக அதை அவள் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்ட மனிதர் சாயங்காலம் ஏழரை மணிக்கு பல்கீஸோடு உட்கார்ந்து 'உறவுக்கு ஒரு தாழ்ப்பாள்' என்ற தொடரைப் பார்த்தார் என்றால், அது கதைக்காக இல்லை. அந்தத் தொடரில் ரஹீம் பாய் என்று ஒருவர் வருவார். கதாநாயகியைப் புகுந்த வீட்டுக்காரர்கள் விரட்டும்போதெல்லாம் ஆறுதல் சொல்வது அவர் வேலை. ரஹீம் பாய் தொப்பியோடு தூங்கினார். தொப்பியோடு சவரம் செய்துகொண்டார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தபோதும் தலையில் தொப்பி இருந்தது. அவர் மனைவி சொந்த அடுப்படியில் பர்தா போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள். யார் வந்தாலும் அந்த வீட்டில் பிரியாணிதான். காலை எட்டு மணிக்குப் பால்காரர் வந்தபோதும் பிரியாணி. நத்தர்ஷா ஒவ்வொன்றையும் ஒரு பழைய ஏ.சி. கேட்லாக்கின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். எதற்கு எழுதுகிறீர்கள் என்று பல்கீஸ் கேட்டதற்கு, ஒருநாள் தேவைப்படும் என்றார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் தேவைப்பட்டது.

கதைப்படி கதாநாயகி ரஹீம் பாயின் சொந்த ஊருக்கு வந்து அடைக்கலம் புக வேண்டும். அதற்காகச் சென்னையிலிருந்து படப்பிடிப்புக் குழு புதுக்கோட்டைக்கு வந்து இறங்கியிருந்தது. சத்யா என்ற உதவி இயக்குநர் பெண், வீடு தேடி அறந்தாங்கி முழுக்கச் சுற்றிவிட்டு, யாரோ கைகாட்டி நத்தர்ஷாவின் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். சோபா இருந்தது. ஷோகேஸில் தம்மாமில் வாங்கிய கண்ணாடி ஒட்டகமும் மகள் பட்டம் வாங்கிய போட்டோவும் இருந்தன. சுவரில் மருந்துக்கடை காலண்டர். சுவருக்குச் சந்தன நிறம். முன்பு மக்கா படம் ஒன்றும் இருந்தது. பெயிண்ட் அடித்தபோது கழற்றியது, பீரோவுக்குள்ளேயே தங்கிவிட்டது. நத்தர்ஷா கைலியும் மீசையுமாக நின்றார். பல்கீஸ் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு டீ கொண்டுவந்தாள்.

சத்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க முஸ்லிம்தானே?"

"நேத்து வரைக்கும் அப்படித்தாம்மா" என்றார் நத்தர்ஷா.

வீடு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு முஸ்லிம் வீடு மாதிரி இல்லை என்று அவள் வருத்தத்தோடு சொன்னாள். நத்தர்ஷாவுக்குக் கோபம் வரவில்லை. மனிதருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். இத்தனை நாள் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் முன்னால், அந்தப் பெட்டிக்குள்ளிருந்தே ஒரு ஆள் இறங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. கேட்லாக்கை எடுத்துவந்து விரித்தார். தொப்பியில் ஆரம்பித்து, நாற்பத்து மூன்று தப்புகளை வாசித்து முடித்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. சத்யா நல்ல பெண். கடைசிவரை கேட்டாள், பதினேழாவது தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள், இயக்குநரிடம் சொல்லி அவரை ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே அழைப்பு வந்தது. நத்தர்ஷா கடையைப் பூட்டி, 'மூன்று நாள் வெளி வேலை' என்று எழுதி ஒட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார்.

முஸ்லிம் வீடாகக் குழு பிடித்திருந்தது வல்லத்திராக்கோட்டையில் அழகுமலை என்ற விவசாயியின் வீடு. அழகுமலை போன வருஷம் மகள் சிவரஞ்சனி கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட் கடையில் அந்த நிறம் தள்ளுபடியில் கிடைத்தது, அவ்வளவுதான் விஷயம். வாசலுக்கு மேல் ஒரு வளைவும் இருந்தது. பச்சையும் வளைவும் சேர்ந்திருந்ததைப் பார்த்ததுமே இயக்குநர் சூர்யபிரகாஷ், இதுதான் ரஹீம் பாய் பிறந்து வளர்ந்த வீடு என்று முடிவு செய்துவிட்டார்.

சூர்யபிரகாஷ் கெட்டவர் இல்லை. தினமும் ஒரு எபிசோடு கொடுத்தாக வேண்டிய மனிதர், தூக்கம் கெட்டவர், பாவம். முதல் நாள் நத்தர்ஷா தொப்பியில் தொடங்கியதும், அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பொறுமையாகவே விளக்கினார். ஏழரை மணிக்கு நம்முடைய தொடரைப் பார்க்கிறவர்கள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் தலையைத் தூக்குவார்கள். தூக்குகிற அந்த ஒரு நொடியில் யார் எவர் என்று தெரிய வேண்டும். அதனால்தான் டாக்டர் சாப்பிடும்போதும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறது. வக்கீல் கறுப்பு கோட்டோடு சீட்டாடுகிறார். பாய்க்குத் தொப்பி. இதில் யாரையும் குறைத்துச் சொல்லவில்லையே என்றார்.

நத்தர்ஷா யோசித்தார். அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. அறந்தாங்கியில் எந்த வக்கீலும் இதற்காகச் சண்டைக்குப் போனதாக அவருக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் தொப்பிப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் பதில் கிடைத்தது. நேராக இயக்குநரிடம் போனார்.

"டாக்டர்னா ஒங்க கதையில நல்லவரு, கெட்டவரு, காதலிக்கிறவருன்னு பத்துப் பேரு வாராங்க சார். பாய் ஒருத்தர்தானே வாராரு. அவரையும் பிரியாணியோடயே அனுப்பி வச்சா எப்படி?"

சூர்யபிரகாஷ் வசனத் தாளை எடுத்து, பாய் வருகிற பக்கங்களை நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். பிறகு கேமரா தயார் என்று யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலையில், ரஹீம் பாயாக நடிக்கிற சென்னை நடிகர் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். குழு முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம், வீட்டுக்காரர் அழகுமலை வயலில் மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தார். பழனிக்கு நடந்து போவதற்காக மாலை போட்டிருந்தார். இடுப்பில் பச்சை வேட்டி. நாற்பது நாள் வளர்ந்த வெள்ளைத் தாடி காற்றில் ஆடியது. சத்யாதான் முதலில் பார்த்தாள். இயக்குநரின் தோளைத் தட்டிக் காட்டினாள். சூர்யபிரகாஷ் எழுந்தே நின்றுவிட்டார். அவர் பத்து வருஷமாக ஒட்டுத்தாடி வைத்து உருவாக்கப் பார்த்த பாய், அசலாக, மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

அங்கே இருந்த ஒரே முஸ்லிம் நத்தர்ஷா. அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாய்க்கு வேறு முகம் வந்ததற்கு, அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனவர் இளைத்து வந்தார் என்று ஒரு வசனம் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தீர்மானமானது. அழகுமலைக்கு நடிக்க ஆசைதான். ஆனால் மாலை போட்டவன் தொப்பி போடலாமா என்று அவருக்குச் சந்தேகம். நத்தர்ஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்து வழக்கப்படி முறைவைத்து, நீங்க சொல்லுங்க மாமா என்றார். முருகனுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது, ஒங்க குருசாமியைக் கேளுங்க என்றார் நத்தர்ஷா. குருசாமி ரெங்கசாமி போனிலேயே தீர்ப்புச் சொன்னார்: தொப்பி துணிதான், குற்றமில்லை, கழுத்து மாலையைக் கழற்றக் கூடாது, கறி மீன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

மாலையைப் பார்த்து இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். பாய் கையில் உருட்டுகிற மாலை மாதிரியே இருக்கிறது, கழுத்தில் கிடக்கட்டும் என்றார். அதைக் கழுத்தில் போடுகிற வழக்கமே இல்லை என்று நத்தர்ஷா சொன்னார். போன தொடரில் போட்டோமே என்று பதில் வந்தது. நத்தர்ஷா கேட்லாக்கில் நாற்பத்து நாலு என்று எண் போட்டு அதை எழுதிக்கொண்டார்.

முதல் காட்சியில், அழுதுகொண்டு வரும் கதாநாயகியிடம் பாய் சொல்ல வேண்டிய வசனம்: 'அரே பேட்டி, நம்மள் இருக்கான், நிம்மள் கவலைப்படாதே.' அழகுமலைக்கு அது வாயில் நுழையவில்லை. நம்மளும் நிம்மளும் ஒன்றோடொன்று மோதி, ஏழாவது டேக்கில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எட்டாவது டேக்கில் தன்னை மறந்து, தன் மகளிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டார்.

"ஏ தாயி, நான் இருக்கேன்ல. நீ ஏன் வெசனப்படுறே. இங்கிட்டு வந்து ஒக்காரு."

நத்தர்ஷாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவருடைய அத்தா பேசினால் அப்படித்தான் இருக்கும். இதுதான் சார் சரி, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேமராவுக்குக் குறுக்கேயே போய்விட்டார். இது பாய் பேச்சு மாதிரி இல்லையே என்றார் சூர்யபிரகாஷ். எங்கள் வீடுகளில் காலங்காலமாகத் தமிழ்தான் பேசுகிறோம், உருது எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது, ஏன், நான் பேசுவதைக் கேட்கிறீர்களே என்று நத்தர்ஷா வாதாடினார்.

"நீங்களே சரியாப் பேச மாட்டேங்கிறீங்களே பாய்" என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு.

ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நத்தர்ஷா அதைத் தன் வெற்றியாகக் கணக்கு வைத்துக்கொண்டார். வெற்றி மேல் வெற்றியாக, பாய் மனைவியாக நடித்த அம்மாள், இந்த வெக்கையில் பர்தாவுக்குள் வெந்துபோகிறேன், இவர் சொல்வது போல வீட்டுக்குள் சேலையிலேயே இருக்கிறேன் என்று கழற்றி எறிந்துவிட்டார். நத்தர்ஷாவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள்தான் பிரியாணிக் காட்சி. பெரிய தட்டில் ஆட்டுக்கறி பிரியாணி வந்து ஆவி பறந்தது. அழகுமலை அந்தத் திசையையே பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கையில் மட்டும் எடுங்கள், வாயில் வைக்க வேண்டாம் என்றார்கள். மாட்டேன் என்றார். கறியைப் பொறுக்கிவிட்டுச் சோறு மட்டும் என்றார்கள். எழுந்து மாட்டுக் கொட்டகைக்கே போய்விட்டார். சூர்யபிரகாஷ் வாழ்க்கையில் முதல் முறையாகப் பிரியாணி தின்ன மறுக்கும் பாயைப் பார்த்து, வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நத்தர்ஷா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் ரசம்தான் சார், ஒருநாள் கீரை, ஒருநாள் கருவாட்டுக் குழம்பு, பிரியாணி என்றால் பெருநாள், விசேஷம். அழகுமலை ரசம் சாப்பிடட்டும் என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கெஞ்சியது. இயக்குநருக்கும் வேறு வழியில்லை. அழகுமலையின் மனைவி அழகி அடுப்பில் வைத்திருந்த மிளகு ரசமே வந்தது. கூட இரண்டு அப்பளம். அழகுமலை பிசைந்து ஒரு வாய் வைத்தார். வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்: "உப்புக் கம்மி." கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்ற அழகிக்கு முகம் சுருங்கியது. நத்தர்ஷாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறந்தாங்கியின் எந்த வீட்டிலும் எந்த மதியமும் கேட்கக்கூடிய பேச்சு அது.

குழு சென்னைக்குப் போனது. அழகுமலை பழனிக்கு நடக்கத் தொடங்கினார். நத்தர்ஷா ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார், வியாழக்கிழமை ஏழரை மணிக்குப் பாருங்கள் என்று. அக்கம்பக்கத்தார் பதினைந்து பேர் கூடத்தில் கூடினார்கள். முதலில் பெயர்கள் ஓடின. 'கலாச்சார ஆலோசனை: நத்தர்ஷா, அறந்தாங்கி' என்று வந்தது. பல்கீஸ் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள், பெருமையில்.

காட்சி வந்தது. அழகுமலை ரசத்தைப் பிசைந்தார், உறிஞ்சினார், அப்பளத்தை நொறுக்கினார். வாயைத் திறந்தார். எங்கிருந்தோ வேறொரு கனத்த குரல் கேட்டது: "அரே பேட்டி! பிரியாணி பஹுத் அச்சா இருக்கான்! நிம்மள் நல்லா சாப்பிடறான்!"

பின்னால் பாலைவனத்துப் பாட்டு மாதிரி ஒரு இசை.

கூடத்தில் பதினைந்து பேரும் நத்தர்ஷாவைத் திரும்பிப் பார்த்தார்கள். டப்பிங் என்று ஒன்று இருப்பது நத்தர்ஷாவுக்கு அதுவரை நினைவுக்கே வரவில்லை. மறுநாள் காலைக்குள் அந்த அரை நிமிஷக் காட்சி தமிழ்நாட்டின் எல்லா போனுக்கும் போயிருந்தது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பெரியவர் ஒருவர் அக்கறையாக, நத்தரு, ரசத்தை நாம எப்பலேருந்து பிரியாணின்னு சொல்றோம் என்று கேட்டார். மெஸ்ஸில் சப்ளையர் ரசம் ஊற்றும்போது, பிரியாணி போதுமா பாய் என்றான். ஊரில் உள்ள எழுத்துப்பிழைக்காரர்கள் அத்தனை பேரும், பல வருஷ வஞ்சத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். நத்தர்ஷா இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. பல்கீஸ் ரசமே வைக்கவில்லை.

சத்யா போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். சேனலில் மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை, நான் சண்டை போட்டேன் அங்கிள் என்றாள். அவள் அழுதுவிடுவாள் போலிருந்ததால் நத்தர்ஷாவே அவளுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று.

இதற்கு நடுவில் திண்டுக்கல் தாண்டி ஒரு ஊரிலிருந்து அழகுமலை கூப்பிட்டார். அன்னதானப் பந்தலில் அவரை அடையாளம் கண்டுகொண்டார்களாம். பாய் ஒருத்தர் முருகனுக்கு மாலை போட்டு நடந்து வருகிறாரே என்று ஒருவர் நெகிழ்ந்துபோய் கையைப் பிடித்துக்கொண்டாராம். நான் வல்லத்திராக்கோட்டை அழகுமலை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை என்றார். அவரை நடுவில் நிறுத்தி மத நல்லிணக்கம் என்று மைக்கில் பேசினார்களாம்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்றார் நத்தர்ஷா.

"ரெண்டு கரண்டி சுண்டல் கூட வச்சாங்க மாமா. வாங்கிக்கிட்டேன்."

சிரிப்பே வராத அந்த வாரத்தில் நத்தர்ஷா அன்றைக்குத்தான் சிரித்தார்.

ரசக் காட்சியால் தொடரைப் பார்க்கிறவர்கள் தொகை கூடிவிட்டது. பாயை மறுபடி கொண்டுவாருங்கள் என்று சேனலே சொன்னது. தைப்பூசம் கழிந்து குழு வல்லத்திராக்கோட்டைக்கு வந்து இறங்கியபோது, வாசலில் அழகுமலை நின்றார். பழனியில் முடி இறக்கியிருந்தார். தலை, தாடி, மீசை எதுவும் இல்லை. உரித்த நுங்கு மாதிரி இருந்தார். சூர்யபிரகாஷ் காரிலிருந்து இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

நத்தர்ஷாவைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று சத்யாதான் சொன்னாள். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். பல்கீஸ், போய்த் திருத்திட்டு வாங்க, நீங்க வீட்டுலயே இருந்தா இங்கதான் திருத்துவீங்க என்று தள்ளிவிட்டாள்.

வந்தவர் அழகுமலையின் தலையைச் சுற்றிவந்து பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. உம்ராவுக்கு மக்கா போகிறவர்கள் கடைசியில் தலைமுடி எடுப்பார்கள் சார், ரஹீம் பாய் உம்ரா போய்விட்டு வந்தார் என்று வையுங்கள், ஒருத்தரும் குறை சொல்ல முடியாது என்றார். சூர்யபிரகாஷ் காரை விட்டு இறங்கினார். ஆனால் ஒன்று, தாடியை எடுக்க மாட்டார்கள், அதை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று நத்தர்ஷா சேர்த்துச் சொன்னார். தாடி இல்லாமல் பாய் என்று யாருக்குத் தெரியும், ஒட்டாமல் விடுவேனா என்றார் இயக்குநர். இருவரும் முதல் முறையாக ஒரே விஷயத்தைக் கேட்டது அப்போதுதான்.

இந்த யோசனைக்குக் கூலியாக நத்தர்ஷா பணம் வேண்டாம் என்றார். இந்தக் காட்சியில் அழகுமலையின் சொந்தக் குரலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சூர்யபிரகாஷ் நெற்றியைத் தேய்த்தார். ஒரே ஒரு காட்சி, மேலே நான் பேசிக்கொள்கிறேன் என்று கை கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

அது ஒளிபரப்பானபோது நத்தர்ஷா யாரையும் கூப்பிடவில்லை. தனியாக உட்கார்ந்து பார்த்தார். மொட்டைத் தலையோடு அழகுமலை வாசலுக்கு வந்து, "என்ன தாயி, சாப்ட்டியா? மொகம் வாடிக் கெடக்கு" என்றார். கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த பல்கீஸ், நம் வீட்டுக்குத்தான் யாரோ சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்து, துணியைப் போட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்தபடி, வாங்கண்ணே, வாங்க என்று வாசலுக்கு ஓடினாள். வாசலில் யாரும் இல்லை. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, இப்பத்தானே குரல் கேட்டது, அதுக்குள்ள எங்க போனாரு என்று நத்தர்ஷாவையே கேட்டாள்.

நத்தர்ஷா தொலைக்காட்சியைக் கைகாட்டினார். அந்தக் காட்சியில் அவருக்கு ஒரு தப்பு தெரிந்தது. ஒட்டுத்தாடி இடது பக்கம் காதுக்குக் கீழே கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. கேட்லாக் பக்கத்திலேயே கிடந்தது. பேனாவும் இருந்தது. எழுதவில்லை.

போன மாதம் வேறொரு தொடர்க்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்களாம். கதையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வருகிறது, நீங்கள் வந்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்று. எனக்கு அதில் ஒன்றும் தெரியாதே என்று இவர் சொல்ல, பரவாயில்லை சார், உங்கள் பெயர் டைட்டிலில் வந்திருக்கிறதே என்றார்களாம். கீரமங்கலத்தில் பிளெஸ்ஸி டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று நம்பரைக் கொடுத்தார். கொடுத்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டுக்குள் கேக்கும் ஒயினும் வைத்துக்கொண்டே சுற்ற மாட்டார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜ் ஒன்றுக்கு காஸ் ஏற்றப் போய்விட்டார்.